நான் ரத்து செய்த அறை

கொடைக்கானலுக்குப் போகலாம் என்ற பேச்சை எடுத்தது அவன்தான். இருதயத்தில் அடைப்பு என்று அவனுக்கு ஸ்டென்ட் வைத்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நாங்கள் மூன்று பேர். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்து, கோவில்பட்டியிலேயே பிழைப்பைப் பார்த்துக்கொண்டவர்கள். நான் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இன்னொருவன் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டுகிறான். ஸ்டென்ட் வைத்த அவன் தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜர். தீப்பெட்டி செய்யும் இடத்தை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்பத்து மூன்று வயதில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தபோது டிரைவரும் நானும்தான் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

திட்டம் முழுக்க அவனுடையது. சனிக்கிழமை ரயிலில் கொடைரோடு, அங்கிருந்து வத்தலக்குண்டு, பிறகு மலைக்குப் போகிற அரசு பஸ். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், பஸ்ஸில் போனால் வேண்டாம் என்பதுவரை விசாரித்து வைத்திருந்தான். ஹோட்டலில் சாப்பிட்டுக் கட்டுப்படியாகாது என்பதால் அரிசி, பருப்பு, பொடி எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். வில்பட்டி போகும் வழியில் ஒரு வீட்டு மாடி, அடுப்போடு சேர்த்து வாடகைக்குக் கிடைத்தது. என் கடைக்கு வருகிறவர் ஒருவர் கொடுத்த நம்பர் என்பதால் அந்த அறையை நான்தான் பேசி முடித்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் மனைவி போன் செய்தார்.

"அண்ணே, பக்கத்துல யாரும் இருக்காவளா?"

"இல்லம்மா, சொல்லு."

"அவிய செக்கப்புக்குப் போகவே இல்லண்ணே. போயிட்டு வந்தேன்னு எங்கிட்ட சொன்னாவ. ஃபைல எடுத்துப் பாத்தா பழைய சீட்டுதான் இருக்கு. மாடிப்படிய நின்னு நின்னு ஏறுதாவ. கேட்டா எரிஞ்சு விழுதாவ. இந்த லட்சணத்துல மலைக்குப் போறேங்காவ. நீங்க எப்படியாவது இத நிறுத்திருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும். அன்று மதியமே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அறை வேண்டாம் என்றேன். அவனிடம், "அங்கன சொந்தக்காரங்க வாராங்களாம், ரூம் இல்லன்னுட்டாரு" என்றேன். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் மூன்று அறைகளின் படங்களை அனுப்பினான். ஒன்று ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது என்றேன். ஒன்றில் சுவர் ஓதம் பிடித்திருக்கிறது என்றேன். மூன்றாவதற்கு என்ன குறை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. டிரைவர் மட்டும் தனியாக போனில் கூப்பிட்டு, "உனக்கு வர இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லித் தொலையேம்லே" என்றான். அவனிடமும் நான் எதையும் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் நிற்காது.

வியாழக்கிழமை பதினொரு மணி இருக்கும். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு போர்வெல் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். அதைக் கொண்டுவந்த இளையரசனேந்தல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவன் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றான்.

"அந்த வீட்டுக்காரருக்கு நானே போன் போட்டேன். நீதான் வேண்டாம்னு சொன்னியாம்."

நான் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னக் கூட்டிட்டுப் போக பயமா இருக்கோ? வழியில செத்துக்கித்துப் போயிருவேன்னு."

"அப்படி இல்லலே."

"பின்ன எப்படி?"

பெஞ்சில் இருந்தவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். என்ன பொய் சொன்னாலும் இப்போது எடுபடாது என்று தெரிந்தது. அவன் என் முகத்தையே பார்த்தான்.

"அவ சொன்னாளா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பைக் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கோபத்தோடு இந்த வெயிலில் போகிறான். போன் செய்தேன், எடுக்கவில்லை. அவன் மனைவிக்குச் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "இங்கன வரலண்ணே" என்று மட்டும் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸில் கேட்டால், காலையிலேயே லீவு சொல்லிவிட்டான் என்றார்கள். மோட்டாரை அப்படியே போட்டுவிட்டுப் பைக்கில் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்ட், அவன் வழக்கமாக டீ குடிக்கிற கடை, பைபாஸ் என்று சுற்றினேன். சாலையோரம் எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் முன்னால் அவன் பைக் நின்றது. அவன் இல்லை.

இரண்டரை மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"திருநெல்வேலில ஆஸ்பத்திரில இருக்கேன். செக்கப்புக்கு வந்தேன். கூட ஆள் வேணும்ங்காவ. வா." கொஞ்சம் நிறுத்தி, "அவளையும் கூட்டிட்டு வா" என்றான்.

நானும் அவன் மனைவியும் பஸ் ஏறினோம். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மழைக்காக உழுது போட்டிருந்த கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கயத்தாறு தாண்டியபிறகு, "நான் உங்கள மாட்டி விட்டுட்டேன்" என்றார். "நான்தான் உன்னயக் காட்டிக் குடுத்துட்டேன்" என்றேன்.

அவனைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். டாக்டர் எங்களை நிற்க வைத்துக்கொண்டே திட்டினார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை மூன்று வாரமாக அவன் தொடவே இல்லை. பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று தானாகவே நிறுத்தியிருக்கிறான். இ.சி.ஜி. சரியாக இல்லை. அட்மிட் செய்து மறுபடி ஆஞ்சியோ பார்க்க வேண்டும், மலைக்கெல்லாம் இப்போது போகக் கூடாது என்றார்.

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா" என்றார் மனைவி.

"சொன்னா வீட்டுக்குள்ளயே போட்டுப் பூட்டிருவ. அஞ்சு மாசமா எல்லாரும் என்ன ஒடையுற சாமான் கணக்கா பாக்கீங்க." கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கண் ஓரம் ஈரமாகி, காதுப் பக்கம் வழிந்தது. அவர் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார்.

மறுநாள் ஆஞ்சியோ எடுத்தார்கள். புது அடைப்பு இல்லை. ஸ்டென்ட்டும் அடைபடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கொடைக்கானலுக்கு ரயில் ஏறியிருக்க வேண்டிய சனிக்கிழமை காலையில், டிரைவர் வாங்கிவந்த இட்லியை வராந்தாவில் வைத்துச் சாப்பிட்டோம். அவன் என்னோடு பேசவில்லை. வீடு திரும்பியும் ஒரு மாதத்துக்குப் பேசவில்லை. டிரைவரிடம் மட்டும், "அவன் எங்கிட்ட கேட்டுருக்கணும்" என்று சொன்னானாம். அது சரிதான். நான் அறையை ரத்து செய்வதற்கு முன்னால் அவனிடம்தான் போயிருக்க வேண்டும்.

பங்குனி பிறந்ததும் டாக்டர் சம்மதித்தார். மெதுவாக நடக்க வேண்டும், மாத்திரை தவறக் கூடாது என்ற நிபந்தனையோடு. மறுபடியும் அவனே திட்டம் போட்டான். இந்த முறை அவன் மனைவியும் வந்தார். அவர் மலை ஏறியது அதுதான் முதல் தடவை. கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டு அவன் கையைப் பிடித்தபடியே வந்தார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி அறைக்குப் போகிற பாதை நல்ல ஏற்றம். பாதி தூரத்தில் அவன் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றான். மூச்சு வாங்கியது. நானும் நின்றேன், செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி.

"ஏலே, நான் நிக்கேன்னு நீ நிக்காத. கஷ்டமா இருந்தா நானே கூப்பிடுதேன். போ."

அவன் மனைவி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அரிசிப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.