கம்பெனிக் கதவில் ஒட்டிய காகிதம்

அப்பாவையும் அவரோடு வேலை பார்த்த பதினொரு பேரையும் போலீசார் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாளாகிவிட்டது. உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் அப்பா சுருட்டு உருட்டினார். கூலியைக் குறைத்ததற்காக வேலைநிறுத்தம் செய்து வாசலில் உட்கார்ந்தார்கள், அதுதான் குற்றம். ஆறு மாதம் ஜெயில் என்று ஊரில் பேச்சு. நான்காம் நாள் காலையில், கம்பெனிக் கதவில் முதலாளியான வெள்ளைக்காரத் துரை ஏதோ இங்கிலீஷில் ஒட்டியிருப்பதாகச் செய்தி வந்தது.

எங்கள் தெருவில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். பக்கத்து வீட்டு அத்தையும் பின்னால் வந்தாள். நான் மாமா என்று கூப்பிடும் அவள் புருஷனும் அப்பாவோடு போலீஸ் காவலில்தான் இருந்தார்.

வாசலில் பெண்கள் கூட்டம். கம்பெனிக் காவல்காரர் தடியோடு நின்றார். என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். பன்னிரண்டு பெயர்கள், அவற்றுக்கு மேலே மூன்று வரி. வரிகள் எனக்குப் பிடிபடவில்லை. கண்கள் மேலும் கீழும் அலைந்தன.

"என்னடி போட்டிருக்கு? ஜெயிலா?" அத்தையின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

அப்போதுதான் அந்த வார்த்தை கண்ணில் பட்டது. டிஸ்சார்ஜ்ட். எனக்குத் தெரிந்த வார்த்தை. இரண்டு மாதம் முன்பு காய்ச்சலில் கிடந்த தம்பியைப் புத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் சீட்டில் அதை எழுதிய அன்றுதான் அவனை ஜட்கா வண்டியில் வீட்டுக்கு அழைத்துவந்தோம். புதுச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்ன டீச்சரிடம், 'மை பிரதர் வாஸ் டிஸ்சார்ஜ்ட்' என்று எழுதிக்காட்டிப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

"விட்டுட்டாங்க. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் "விட்டுட்டாங்க" என்றேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி அழுதுகொண்டே என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். காவல்காரர் என்னைப் பார்த்து வாயைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சொன்னபடியே மத்தியானம் அப்பா வந்துவிட்டார். மூன்று நாள் தாடி, சட்டை கிழிந்திருந்தது. இலை போட்டு, அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றியபடி அம்மா என் பெருமையைச் சொன்னாள். அப்பா என்னைக் கூப்பிட்டார். அந்த வார்த்தையையும் என் வாக்கியத்தையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். சோற்றைப் பிசைந்தாரே தவிர, வாயில் வைக்கவில்லை.

"சரியாத்தான் படிச்சிருக்கே, கண்ணு" என்றார். பிறகு அம்மாவிடம், "போலீஸ் விட்டுடுச்சு. கம்பெனியும் விட்டுடுச்சு. வர்ற வழியில காவல்காரர் சொன்னாரு. வேலையை விட்டு நீக்கினாலும் அதே வார்த்தைதானாம். பன்னெண்டு பேருக்கும் இனிமே அங்க வேலை இல்லை."

அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே வைத்துவிட்டாள்.

எனக்கோ இரட்டைச் சந்தோஷம். இனி அப்பா நாள் முழுக்க வீட்டில் இருப்பார். இந்தச் செய்தியையும் நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமாவின் பெயரைக் கடைசியாகப் படித்ததில்தான் அவளுக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.