மெதுவாக ஓடச் சொன்ன கூட்டுக்காரன்

மகாராஜா பிறந்தநாளுக்குத் திங்கள்சந்தைச் சாலையில் ஓட்டப்பந்தயம். ஒரு மைல்தான். நானும் என் கூட்டுக்காரன் செல்லையனும் தினமும் காலையில் சேர்ந்து ஓடிப் பழகுகிறோம்.

நான் வேகமெடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துவான்.

"மெதுவா ஓடு மக்கா. இப்பமே வேகமா ஓடுனா பந்தயத்தன்னைக்கு மூச்சு தாங்காது."

நம்பினேன். ஓடுமுன் வயிறு முட்டப் பழஞ்சி, அதாவது பழைய சோற்றுக் கஞ்சி, குடிக்கச் சொன்னான். அதையும் குடித்தேன்.

இன்று முட்டத்து மீன்காரி வாசலில் கூடையை இறக்கியதுமே சொன்னாள்: "ஒனக்க கூட்டுக்காரன் என்னா ஓட்டம் ஓடுகான் மக்கா!"

"செல்லையனா?"

"பின்னே! விடியமுன்னே கடப்புறத்துக்கு வந்து எனக்க கூடையத் தலையில வச்சான்னா, சந்தையிலதான் எறக்குவான். பொறத்தால ஓடி எங்களால எட்ட முடியல்ல."

அப்படியென்றால், என்னோடு ஓடியது அவனுக்கு இளைப்பாறல்! தினமும் அவன்மேல் அடித்த மீன்வாடைக்கு, "அம்ம சாள கழுவுனா" என்று அவன் சொன்னதையும் நம்பியிருக்கிறேன்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான்.

"நாளைக்கும் வருவியா மக்கா? மெதுவாத்தான்."

"வாறேன் மக்கா" என்றேன்.

இனிப் பழஞ்சி முழுவதும் அவனுக்குத்தான். முட்டத்துப் பக்கம் யாராவது எனக்கு ஒரு மீன்கூடை இரவல் தருவீர்களா?