ஆண் எலிகள் மட்டும் செத்த வாரம்

ஒரே அறை, ஒரே தீனி, ஒரே தண்ணீர். அதில் ஆண் எலிகள் மட்டும் பொத்துப் பொத்தென்று சாகின்றன. பெண் எலிகள் துள்ளி விளையாடுகின்றன. நீங்கள் யாரைச் சந்தேகிப்பீர்கள்?

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கூண்டு கழுவும் அக்காவைக் கைகாட்டினார். சோப்பைச் சரியாக அலசவில்லையாம்! பன்னிரண்டு வருஷமாகக் கழுவுகிற கை அது. நான்கு மணிக்கு வேலைநீக்க உத்தரவு என்று சொல்லிவிட்டார்.

எலி டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, ஆராய்ச்சி விலங்குகளின் நோயைத் துப்பறிவதையே தொழிலாக்கிக்கொண்டவர் அவர். "இன்னைக்கு எந்த எலிக்கு ஜுரம்?" என்று கேட்காமல் கணவர் காலையில் காப்பி குடிக்கமாட்டார்.

"அழாதீங்கக்கா. சோப்புக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?"

"அதத்தான் நானும் கேட்டேன் டாக்டரம்மா. எதுத்துப் பேசுறியான்னாரு."

முந்தாநாள் செத்த எலிகளின் சிறுநீரகத்தை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றிய கண்ணாடித் தகடுகள் இரண்டரை மணிக்குத் தயாராயின. டாக்டர் நுண்ணோக்கியில் கண் வைத்தார். நுண்குழாய்கள் வரிசை வரிசையாகச் செத்துக் கிடந்தன. எப்போதோ படித்தது பளிச்சென்று நினைவுக்கு வந்தது: இந்த இன எலிகளில் குளோரோஃபார்ம் ஆவி ஆண்களின் சிறுநீரகத்தைத்தான் தின்னும்!

எங்கிருந்து வருகிறது ஆவி? எலி அறையின் காற்றுக்குழாயைத் தொடர்ந்து ஓடினார். குழாய் பக்கத்து ஆய்வறையிலிருந்து காற்றை இழுத்துவந்தது. அங்கே ஆவி உறிஞ்சும் பெட்டிக்கு வெளியே, மேசைமேல், வாய் திறந்த குளோரோஃபார்ம் பாட்டில். அதன் எதிரே இயக்குநர்.

"சார், இத வெளியில வெச்சா தொறக்குறீங்க?"

"பெட்டிக்குள்ள குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்குதும்மா. அதுக்கென்ன இப்ப?"

"உங்க இடுப்புக்கு இருபத்தேழு எலி போயிடுச்சு. நாலு மணிக்கு அக்கா வேலையும் போகப்போகுது. வந்து பாருங்க சார்!"

இயக்குநர் வந்தார். நுண்ணோக்கியிலிருந்து நெடுநேரம் தலை தூக்கவில்லை. பிறகு எழுதி வைத்திருந்த வேலைநீக்க உத்தரவைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

டாக்டர் விடவில்லை. "அக்காகிட்ட நீங்களே சொல்லணும் சார்."

இயக்குநர் அக்காவிடம் போய்த் தவறு தன்னுடையதுதான் என்று சொன்னார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "சோப்பு நல்லாத்தான் அலசுறேன்னு அந்த உத்தரவு மாதிரியே ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார்."

பாட்டில் பெட்டிக்குள் போனது. அடுத்த வாரம் ஓர் ஆண் எலிகூடச் சாகவில்லை. அந்தத் தாள் இன்றும் கூண்டு கழுவும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

நாளை உங்கள் அலுவலகத்திலும் ஏதாவது கெட்டுப்போகும். இருப்பவர்களிலேயே எளியவரை நோக்கி விரல் நீளும். அப்போது வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். "சோதித்துப் பார்த்தீர்களா?" என்று உரக்கக் கேளுங்கள்.