மூன்று சீட்டுக்கு இரண்டு பெயர்

எங்கள் டயாலிசிஸ் சென்டரில் வண்டி ஏற்பாட்டைக் கவனிப்பவர் அக்கா. எழுபதைத் தாண்டிய நோயாளிகளுக்கும் அவர் அக்காதான். நான் டிரைவர். காலையில் மூன்று பேரை வீட்டிலிருந்து ஏற்றி வந்து, ஊசி, குழாய் எல்லாம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவேன்.

முன்பெல்லாம் அக்கா பெயர்களை வாய்வார்த்தையாகத்தான் சொல்வார். ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் நான் விடாமல் ஹாரன் அடித்தேன். உள்ளே, நான் ஏற்றிப்போக வந்த மனிதரை மாலை போட்டுக் கிடத்தியிருந்தார்கள். நர்ஸ்கள் தங்கள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்; எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்னைவிட அக்காதான் அதிகம் நொந்துபோனார். சாப்பாட்டு நேரத்தில் இணையத்தைப் பார்த்துப் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். "இந்த வயசுல இது தேவையாக்கா?" என்று கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் அவர் எழுதி முடித்த புரோகிராமில் முக்கியமான வரி ஒன்றுதான்:

ஜன்னல், நடு, கதவு = பட்டியல்

நர்ஸ்களின் கணினியிலிருந்து வரும் பட்டியலில் முதல் பெயர் ஜன்னல் சீட்டுக்குப் போகும், அடுத்தது நடுவுக்கு, கடைசி கதவோரத்துக்கு. பெயர் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் புரோகிராம் முரண்டு பிடித்து நின்றுவிடும். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர் பார்த்துவிட்டு, "கதவுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போடுங்கம்மா. ஒரு ஆள் குறைஞ்சாலும் கத்தாது" என்றார்.

"கத்தட்டும்," என்றார் அக்கா. "ஆள் குறைஞ்சது தெரியாம வண்டி போகக் கூடாது."

போன மாதம் அது கத்தியது. நான் சாவி எடுக்கப் போனபோது அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்தது மூன்று, வந்தது இரண்டு. இல்லாத பெயர் தையற்காரருடையது. முந்தின தடவைகூட ஏசி போதவில்லை என்று என்னோடு சண்டை போட்ட மனிதர். கேட்கலாம் என்றால் இரவு நர்ஸ் கிளம்பிவிட்டார்.

"நீயே போன் போடு தம்பி. எனக்குக் கை வரல."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடப் போனேன்.

"என்ன டிரைவரே, காலங்காத்தால?" அவரேதான். "ஆஸ்பத்திரில இருக்கேன்ப்பா. கிட்னி கிடைச்சிடுச்சு! ராத்திரி திடீர்னு கூப்பிட்டாங்க. இப்போ ஆபரேஷன். போனைப் புடுங்குறாங்க, வைக்கிறேன்."

அக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நானும்தான் அழுதேன், அதிலென்ன வெட்கம்? பிறகு அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, அன்றைக்கு மட்டும் அந்த வரியிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவிட்டு, இரண்டு பெயரை அச்செடுத்துக் கொடுத்தார்.

வண்டியில் இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் டீச்சர், அவரும் கிட்னிக்குப் பதிவு செய்துவிட்டு ரொம்ப நாளாகக் காத்திருப்பவர். அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"அப்போ, நிஜமாவே கூப்பிடுவாங்களா?"

"கூப்பிட்டிருக்காங்களே டீச்சர்."

"நம்மள சமாதானப்படுத்தத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன்," என்றார். அப்புறம் கைப்பையைத் திறந்து, போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார்.