மின்சாரம் வராத திறப்பு விழா

எங்கள் வீட்டு ஆட்களுக்கு எதைத் தொடங்கினாலும் முதலில் தேதி வேண்டும். என்ன செய்யப் போகிறோம், யாருக்காகச் செய்கிறோம் என்பதெல்லாம் அப்புறம். நாள் குறித்து, பத்திரிகை அடித்து, ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு தெம்பு வந்துவிடும். நானோ அறந்தாங்கியில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு ப்ராஜெக்ட் வேலை பார்க்கிறவள். யார் எதை எப்போது முடிப்பீர்கள் என்று காலையிலிருந்து ஊரில் உள்ளவர்களை எல்லாம் நச்சரிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான் என் கூடப்பிறந்த அண்ணனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

அண்ணன் பதினாறு வருஷமாக வளைகுடாவில் வேலை பார்த்தவன். வைகாசியில் ஆறு மாத லீவில் வந்தபோது, "இங்கிட்டே ஒரு மாவு மில்லு போடப் போறேன். ஓடிருச்சுன்னா திரும்பிப் போகமாட்டேன்" என்றான். ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா காலாவதி. ஆக, கார்த்திகை பிறப்பதற்குள் மில் ஓட வேண்டும், இல்லையென்றால் அவன் விமானம் ஏற வேண்டும். அவன் மகளுக்குப் பத்து வயது. அப்பாவோடு சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் இருந்ததில்லை. அண்ணி வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. நான்தான் இவன் போய்விடுவானோ என்று காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அரிமளம் போகிற ரோட்டோரத்தில் அப்பா விட்டுப்போன இடத்தில் ஷெட் எழும்பியது. மெஷின் வந்து இறங்கியது. ஆவணியில் முகூர்த்தம் பார்த்தான். பத்திரிகையை நானே கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தேன், பூ பார்டரெல்லாம் போட்டு.

திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. வாழைமரம், ஒலிபெருக்கி, கேசரி, எல்லாம் இருந்தது. கரண்ட் மட்டும் இல்லை. வாடகைக்கு வந்த சின்ன ஜெனரேட்டர் ஒலிபெருக்கிக்கும் நாலு லைட்டுக்கும்தான் தாங்கும். முதல் அரவைக்கென்று அரிசி கொண்டுவந்த சொந்தக்காரப் பெண்கள், குத்துவிளக்கைக் கும்பிட்டுவிட்டு அரிசியை அப்படியே திருப்பி எடுத்துப் போனார்கள். பெரியம்மா ஒருத்தி அண்ணனைப் பார்த்து, "என்னப்பா, மாப்ள இல்லாம கல்யாணம் நடத்துற?" என்று சொல்ல, பந்தலே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கூட்டம் கலைந்து அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்ணே, கரண்டுக்கு எழுதிக் குடுத்தியா இல்லையா?"

பீரோவிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினான். விண்ணப்பம் திரும்பி வந்து இரண்டு மாதமாகியிருந்தது. இடம் இன்னும் அப்பா பேரில் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதியிருந்தது. அம்மாவும் இல்லாத வீட்டில் மற்ற வாரிசு நான் ஒருத்திதான்.

"ஒங்கிட்ட எப்புடித்தா கேக்குறது? அப்பா எடத்துக்குக் கையெழுத்துப் போடுன்னா, அண்ணன் எழுதி வாங்கப் பாக்குறான்னு நெனச்சிருவியே."

எங்கள் பக்கம் இப்படி ஒரு கையெழுத்தில் முறிந்துபோன அண்ணன் தங்கைகள் எத்தனையோ பேர் உண்டு. கல்யாண வீட்டில்கூட எதிரெதிர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவன் பயந்ததில் தப்பில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முந்நூறு பேரக் கூப்புட்ட, என்னைய ஒரு வார்த்த கேட்டியா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். கேட்காதது அவன் மட்டுமா? பத்திரிகை செய்த நான், கரண்ட் வந்துவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அசிங்கமே இல்லை.

"விடுத்தா. நான் டிக்கெட்டு போட்டுர்றேன்" என்றான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து, மிச்சமிருந்த பத்திரிகைகளின் முதுகில் வேலைத் திட்டத்தை எழுத உட்கார்ந்தேன். மாவு மில், எண்ணெய்ச் செக்கு, தண்ணீர் கேன் என்று மூன்றையும் ஒன்றாகத் தொடங்குவது அவன் யோசனை.

"மில்லுக்கு யாரு வருவா?" என்று கேட்டேன்.

"ஊரே வரும்."

அதுவரை பேசாமலிருந்த அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். "ஊருன்னா யாருங்க? பொம்பளைங்கதான். அரைக்க நாங்க பஸ் ஏறிப் போறதே மொளகாய்க்குத்தான். நீங்க வாங்குனது ஒத்த மெஷினு. அதுல மொளகாயும் அரைச்சு, புட்டு மாவும் அரைச்சா, நெடி தாங்காம எவ வருவா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அண்ணியைப் பார்த்தேன். இந்தப் பெண்மணியிடம்தான் முதல் நாளே நாங்கள் இரண்டு பேரும் கேட்டிருக்க வேண்டும்.

செக்கையும் தண்ணீர் கேனையும் அடித்துவிட்டேன். செக்குக்கு ஒதுக்கிய பணத்தில் மிளகாய்க்குத் தனி மெஷின். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு ஆள். சான்றிதழுக்கு அலைவது நான், கரண்டுக்கு அண்ணன், யார் வீட்டில் என்ன அரைப்பார்கள் என்று விசாரிப்பது அண்ணி. தீபாவளி முறுக்கு மாவை நாம்தான் அரைக்க வேண்டும் என்பது கெடு. "தங்கச்சி மேனேஜரு ஆயிட்டா" என்று அண்ணன் கிண்டலடித்தான். ஆனால் தினமும் சாயங்காலம் அன்றைய நிலவரத்தை எனக்கு போனில் சொன்னான்.

தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு கரண்ட் வந்தது. வந்த அன்றைக்கென்று பார்த்து அஷ்டமி. அண்ணன் சுவிட்சைத் தொடத் தயங்கினான். வெளியே நாலு பேர் தூக்குவாளியோடு நின்றார்கள். "அஷ்டமின்னு மொளகா காயாம இருக்கா?" என்று அண்ணியே போட்டுவிட்டார். ஷெட்டே தும்மியது. கேசரியும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை.

தீபாவளி வரைக்கும் உட்கார நேரமில்லை. அது முடிந்தும் கூட்டம் குறையவில்லை. லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது, பழைய கம்பெனி மேனேஜர் அழைத்தார். டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேட்டார். அண்ணன் மாவு படிந்த கையோடு போனைப் பிடித்தபடி, மெஷினை நிறுத்தாமலே கத்திச் சொன்னான். "இல்ல சார், வரல. எனக்கு இங்க வேலை இருக்கு."

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குப் போனபோது, அவன் மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து அவனுடைய பெரிய பெட்டியை வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். உள்ளே தன் பழைய பாடப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது இனிமே சும்மாதானப்பா கெடக்கும்?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா" என்று சொல்லிவிட்டு, அண்ணன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கொடுத்தான்.