பேபிக்குட்டி செத்ததற்கு அத்தாட்சி இல்லை

ஏலியாம்மா செத்தவனோடு மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினாள், அதுவும் சர்க்கார் காகிதத்தில். வட்டக்கரியில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இதைச் சொல்வார்கள். போன மழைக்குத்தான் முளைத்த பேச்சு. ஆனால் இப்போது கேட்டால், வாலிப வயதிலேயே அவளும் பேபிக்குட்டியும் ஒரே வள்ளத்தில் போனதைக் கண்ணால் கண்டவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தன் அப்போது பிறக்கவே இல்லை. நடந்ததைச் சொல்லிவிடலாம். வதந்தி அளவுக்கு ருசி இருக்காது, உப்புக் கொஞ்சம் குறைச்சல்தான்.

ஏலியாம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. அம்மா படுக்கையில் கிடந்த பதினொரு வருஷத்தில் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். கடைசி எட்டு மாதம் அம்மாவுக்கு எலும்பில் புற்று. அவள் போட்ட கத்தல் காயலுக்கு அக்கரையில் கேட்டது. கேட்டவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். ஒருத்தர் மட்டும் வள்ளத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அவர்தான் பேபிக்குட்டி, பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்தவர்.

"இந்த வலிக்கு மாத்திரை இருக்கு மோளே. நம்ம ஊர்ல குடுக்கத்தான் ஆளில்லை" என்றார்.

அம்மா போன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்தார்கள். 'கைத்தாங்கல்' என்று பெயர். பேபிக்குட்டி தலைவர், ஏலியாம்மா செயலாளர். வாரம் இரண்டு நாள் ஒரு நர்ஸ் வள்ளத்தில் வீடு வீடாகப் போவாள். வலி மாத்திரை பூட்டிய பெட்டியில் இருக்கும். அது கண்டவன் கையில் கொடுக்கிற மாத்திரை இல்லை, சங்கத்தின் பெயரில் அனுமதி வேண்டும். அனுமதி நிற்பது பதிவின் மேல். பதிவு நிற்பது வருஷா வருஷம் பொதுக்குழு கூடி, மினிட்ஸ் எழுதி, கமிட்டிக்காரர்கள் பட்டியலைப் பதிவு ஆபீசுக்கு அனுப்புவதன் மேல். அடியில் ஒரு செங்கலை உருவினால் மேலே மாத்திரைப் பெட்டி விழும்.

அந்தச் செங்கலைக் காத்தவள் ஏலியாம்மா. வெள்ளம் வந்த வருஷம் மினிட்ஸ் புத்தகத்தையும் மாத்திரைப் பெட்டியையும் ஒரு பெரிய செப்பு அண்டாவில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்தாள். அவளுடைய ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் வீட்டோடு ஊறிக் கூழாகிவிட்டன. மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு எழுத்து கலங்கவில்லை.

ஆனால் முதல் நாளே ஒரு தப்புச் செய்திருந்தாள். முதல் பட்டியலில், 'தலைவர்: பேபிக்குட்டி' என்று எழுதினாள். நம்ம ஊரில் ஞானஸ்நானப் பெயர் கல்யாணக் கோட்டு மாதிரி. தொட்டியில் ஒரு தரம், மணவறையில் ஒரு தரம், சவப்பெட்டியில் ஒரு தரம். நடுவில் அறுபத்தெட்டு வயதுக் கிழவனையும் பேபி, குட்டி, மோன் என்றுதான் கூப்பிடுவோம். பேபிக்குட்டிக்கு கீவர்கீஸ் என்று ஒரு பெயர் இருப்பது அவருக்கே பாதி நாள் ஞாபகம் இருக்காது.

பலாப்பழ சீசனில் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவப் போன மனுஷன் அப்படியே சாய்ந்தார். ஏலியாம்மா பொதுக்குழு கூட்டினாள். உறுப்பினர்களில் பாதிப் பேர் அயர்லாந்திலும் குவைத்திலும். வந்தது ஏழு பேர்.

"தலைவர் யாரு நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"எனக்குப் பிரஷர், சேச்சி."

"என் பொண்டாட்டி கொன்னுடுவா."

"அந்த மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டா போலீசு வரும்னு சொல்றாங்களே?"

"வந்தா டீ குடுங்க" என்றாள் ஏலியாம்மா. யாரும் சிரிக்கவில்லை. யாரும் நிற்கவும் இல்லை.

பட்டியல் அனுப்பப் பதினாலு நாள் கெடு. பதிமூன்றாம் நாள், போன வருஷப் பட்டியலையே பார்த்து எழுதி அனுப்பினாள். யாராவது வரும்வரைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வருஷமும் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் அதே கதை.

போன மழைக்கு ஆபீசில் புது அதிகாரி வந்தாள். எல்லாக் கமிட்டிக்காரர்களின் அடையாள அட்டை நகலும் வேண்டும் என்றாள். ஏலியாம்மா நேரே போய், தலைவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது, பழைய பெயரை எழுதியது தன் தப்பு என்று எழுதிக் கொடுத்தாள். அதிகாரி நல்லவள்தான். முப்பது நாள் கொடுத்தாள். "புதுத் தலைவரைப் போடுங்க. பழையவர் இறந்ததுக்கு சர்ட்டிபிகேட் வைங்க. இல்லைன்னா பதிவை ரத்து பண்றதைத் தவிர எனக்கு வழியில்லை."

வாத்து மேய்க்கிற இட்டியின் காலில் விழாத குறை.

"ஏழாங்கிளாஸ் தாண்டாத நான் தலைவரா? வாத்துங்களே சிரிக்கும் சேச்சி."

"வாத்துங்க ஓட்டுப் போடாதுடா. நீ பேரைக் குடு."

கொடுத்தான். அவனுடைய அப்பனுக்குக் கடைசியில் மாத்திரை கொடுத்தது சங்கம்தான், அந்த நன்றி.

இறப்புச் சான்றிதழைப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினாள். "இது கீவர்கீஸ். உங்க தலைவர் பேபிக்குட்டி. பேபிக்குட்டி எங்கே?"

"அதே ஆள்தான், மேடம்."

"காகிதத்துல அதே ஆள் இல்லையே."

கல்லறைக் கல்லில் இரண்டு பெயரும் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக் காட்டினாள். கல் சாட்சி சொல்லாது என்றாள் அதிகாரி. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீசில் சான்றிதழ் வாங்கவேண்டும். அதற்கு வாரிசு மனுப் போடவேண்டும். வாரிசு என்றால் பேபிக்குட்டியின் மனைவி சோசாம்மா.

இங்கேதான் இட்டியின் நாக்கு வந்து விழுந்தது. அன்று சாயங்காலம் கள்ளுக்கடையில், "நான் எங்கடா தலைவர் ஆவறது? பழைய தலைவர் இன்னும் சாகலையாம். ஏலிச் சேச்சி அவரைக் காகிதத்துல பொத்திப் பொத்தி வச்சிருக்கா" என்றான். சிரிப்புக்குச் சொன்னது. கடை அதிரச் சிரித்தது. அந்தச் சிரிப்பு வரப்பேறி நடந்து, காலையில் ஏலியாம்மா வள்ளம் ஏறுவதற்கு முன்னால் சோசாம்மா வீட்டை அடைந்துவிட்டது.

சோசாம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சோசாம்மச் சேச்சி, ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"பேபிச்சாயன் இறந்துட்டார்னு."

"அது எனக்குத் தெரியும். மூணு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கல்லறையில மெழுகுவர்த்தி கொளுத்தறேன். உனக்குத்தானே தெரியல? உன் காகிதத்துல அவர் உயிரோட உக்காந்திருந்தாராமே. உன் பக்கத்துல."

"சேச்சி, அது வெறும் பட்டியல்."

"என் ரேஷன் கார்டுலேருந்து அவர் பேரை வெட்டினேன். உன்கிட்ட மட்டும் அவர் சாகாம இருந்தாரா? இப்ப நான் வந்து கொல்லணுமா?" முறத்தைத் தட்டினாள். "போ ஏலி. ஊர் சிரிச்சது போதும்."

மூன்று தடவை போனாள். மூன்றாவது தடவை கதவு திறக்கவில்லை. அயர்லாந்தில் இருக்கும் சோசாம்மாவின் மகனுக்குப் போன் செய்தாள். "அம்மச்சி சொல்லாம நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன், ஆன்ட்டி" என்றான். பாதிரியார் போய்ப் பேசிப் பார்த்தார், காப்பி குடித்துவிட்டு வந்தார். அதிகாரி இன்னும் இரண்டு வாரம் தள்ளிக் கொடுத்தாள். அதுவும் தீர்ந்தது.

கமிட்டியில் ஒருத்தன் காதில் ஓதினான். "சோசாம்மா கையெழுத்து என்ன பெரிய வித்தையா? ஒரு கோழிக் கிறுக்கல். நீயே போட்டுடு. யாருக்குத் தெரியும்?"

"மினிட்ஸ் புத்தகத்துக்குத் தெரியும்" என்றாள் ஏலியாம்மா. "ஒரு பொய் எழுதித்தான் இங்க வந்து நிக்கிறோம்."

பதிவு ரத்தான கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழக்கிழமை சர்க்கார் ஆட்கள் இரண்டு பேர் வந்து மாத்திரைகளை எண்ணி, பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏலியாம்மா அந்தக் காகிதத்தையும் மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டினாள். ஒட்டி என்ன செய்ய?

வள்ளக்காரன் குஞ்ஞாப்பிக்குத் தாடையில் புற்று. இப்போது அவன் மருமகள் வள்ளம் ஏறி, இரண்டு பஸ் மாறிப் பட்டணத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறாள். பந்த் நாளில் பஸ் இல்லை. அன்றைக்குக் காயல் முழுக்கக் குஞ்ஞாப்பியின் சத்தம். சோசாம்மா வீடு நேர் எதிர்க்கரையில். அவளும் ஜன்னலைச் சாத்துகிறாள் என்று கேள்வி.

போன வாரம் ஏலியாம்மா டீக்கடைக்குத் தீப்பெட்டி வாங்க வந்தாள். உள்ளே அதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எல்லார் வாயிலும் பருப்பு வடை. இட்டி மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னடா நிறுத்திட்டீங்க? காதல்னு சொல்லிட்டிருந்தீங்க, சொல்லுங்க" என்றாள்.

"இல்ல சேச்சி, சும்மா..."

"காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. அன்னிக்குப் பொதுக்குழுவுல ஏழு பேர் உசுரோட உக்காந்திருந்தீங்க. தலைவருக்கு ஒரு பேர் கேட்டேன். ஒருத்தன் குடுக்கல. அதனாலதான் செத்தவன் பேரை எழுதினேன்."