ரீலிங்கில் தீர்ந்த வழக்கு

அன்று சாப்பாட்டு நேரத்தில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் டிபார்ட்மெண்டில் இருந்தவர்கள்: ஸ்பின்னிங் ஆள் பழனியப்பன். ரீலிங்கில் வேலை செய்த அவன் சம்சாரம் ரங்கம்மா. பக்கத்து ரீல்காரி சவரியம்மா. மேஸ்திரி நான்.

முப்பதுகளில் எங்கள் மில்லில் புருசன் பெண்டாட்டி சண்டை என்றால் மேஸ்திரியிடம்தான் வருவார்கள். யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லுவேன். தோற்றவர் அழுதுகொண்டு போவார். எனக்கு வெற்றிலை பாக்கும் ஒரு சேவலும் வரும். பிறகு எல்லோரும் சவரியம்மாவிடம் போக ஆரம்பித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கைநாட்டு. நான் கையெழுத்துப் போடுகிறவன்.

பழனியப்பனும் ரங்கம்மாவும் பிரிவது என்று முடிவாகிவிட்டது. சண்டை நாலு வயது மகள் வள்ளி யாரிடம் இருப்பது என்பதில்தான். பல்லடத்தில் தன் ஆத்தாவிடம் கொண்டுபோய் விடுவேன், தாய் கண்ணில் காட்டமாட்டேன் என்றான் அவன்.

அவர்கள் சவரியம்மாவிடம் போனார்கள். அவள் பேச்சுவார்த்தையைக் கெடுத்துவிடலாம் என்றுதான் நானும் போனேன்.

இஞ்சின் நின்றிருந்தது. சவரியம்மா ரீலைக் கையால் சுற்றினாள். எண்பது சுற்று ஒரு லீ, மணி அடிக்கும். ஏழு லீ சேர்ந்தால் ஒரு சிட்டம்.

"மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தர் பேசுங்க. அடுத்தவீங்க வாயத் தொறந்தா நூலை அத்துப்போட்டு மொதல்ல இருந்து சுத்துவேன்."

"வக்கீலம்மாவுக்கு பீசு எவ்வளவுங்க?" என்றேன்.

"ஏனுங்க மேஸ்திரி, நான் சொன்னது உங்களுக்கும் சேத்துத்தானுங்க."

ரங்கம்மா சிரித்துவிட்டாள். பழனியப்பனும்.

முதல் லீயில் அவன் கத்தினான். அடுத்ததில் அவள் அழுதாள். மூன்றாவதில் அவனுக்குக் கத்தப் பாதிதான் இருந்தது. நாலாவதில் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேசினாள். ஐந்தாவதில் அவனே சொன்னான்: "எங்காத்தா கோவக்காரிங்க. புள்ள பயந்துக்கும்."

ஆறாவது ரங்கம்மாவுக்கு. "ஞாயித்துக்கெழமை லீவுல வந்து கூட்டிட்டுப் போகட்டுங்க. நான் தடுக்கமாட்டேன்."

ஏழாவது சுற்றும்போது சவரியம்மா சொன்னாள்: "இது வள்ளிக்கு. ரெண்டு பேரும் சும்மா இருங்க."

மணி அடித்தது. பிறகு பழனியப்பன், "சரிங்க, புள்ள அவகிட்டயே இருக்கட்டும்" என்றான். யார் தோற்றது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அவன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டு முன்னால் போவான். அவள் கையில் கடலை மிட்டாய் இருக்கும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். சவரியம்மா மேல் இருந்த பொறாமை அவன் மேல் திரும்பிவிட்டது.

எனக்கும் என் பெண்டாட்டிக்கும் இருந்த வழக்கு அதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் முன்னால், உறவு அறுந்தது என்று துரும்பு கிள்ளிப் போட்டுத் தீர்ந்தது. நியாயம் உன் பக்கம் என்றார்கள். அவள் பையனைத் தூக்கிக்கொண்டு தொண்டாமுத்தூர் போய்விட்டாள். ஜெயித்தவன் அவள் வாசலில் போய் நின்று மகனைக் காட்டு என்று கேட்பானா? நான் கேட்கவில்லை.

மேஸ்திரி வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிரிகிறவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். உட்கார வைத்துப் பேச விடுங்கள்.

துரும்பு கிள்ளிய பிறகு என் மகனை நான் பார்த்தது இரண்டு தடவை.